பிள்ளைகள் படைக்கும் பிசி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் எழுப்பப்படும் கேள்விகளுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. உலகின் பிற இடங்களில் எல்லாம் அறியாதவர் கேட்பார். அறிந்தவர் விடை சொல்வார். ஊருக்குப் புதியவர் ஒருவர் லஸ் முனையில் நின்று கபாலீசுவரர் கோயிலுக்கு வழி கேட்கிறார்; அங்குள்ளவர் கைகாட்டி அனுப்புகிறார். வகுப்பறையிலோ இந்த முறை தலைகீழாகி விடுகிறது. விடையை அறிந்த ஆசிரியர் கேட்கிறார்; அறியாத பிள்ளை எழுந்து நின்று திணறுகிறது. சொன்னால் பாராட்டு, சொல்லாவிட்டால் தலைகுனிவு. முதல் வகுப்பில் தொடங்கும் இந்த வழக்கம் பள்ளிப் பருவம் முழுவதும் நீள்கிறது. கேட்பவரின் இடத்தில் நிற்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை.

இந்த நிலையைப் புரட்டிப் போடும் ஆற்றல் மிக எளிய ஓர் இலக்கிய வகைக்கு உண்டு. அதுவே விடுகதை. தானே ஒரு விடுகதையை இயற்றிக்கொண்டு வரும் பிள்ளை, விடையைத் தன் உள்ளங்கையில் மூடி வைத்திருக்கிறது. ஆசிரியர்க்கும் அது தெரியாது. முதல் மதிப்பெண் வாங்கும் மாணவனுக்கும் தெரியாது. அந்த ஒரு நிமிடம் வகுப்பு முழுவதும் அப்பிள்ளையின் வாயைப் பார்த்திருக்கிறது. பிறர் இயற்றிய விடுகதைக்கு விடை சொல்வதால் இந்தப் பெருமை வாராது. தானே இயற்றினால்தான் வரும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாமே விடுகதை எழுதக் கற்பிப்பது எவ்வாறு, அதனால் விளைவது யாது, அதில் கவிஞர்களின் பங்கு எத்தகையது என்பனவே இவ்வுரையின் பொருள்.

பெயரும் மரபும்

விடுகதையைச் சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்கிவிடும் மனப்போக்கு கற்றவரிடையே உண்டு. தொல்காப்பியர் அவ்வாறு ஒதுக்கவில்லை. செய்யுளியலில் யாப்பின்பாற்படும் எழுவகையை அவர் எண்ணும்போது பாட்டு, உரை, நூல், வாய்மொழி ஆகியவற்றோடு பிசியையும் வைக்கிறார். அங்கதமும் முதுசொல்லும் அதனை அடுத்து நிற்கின்றன. அந்தப் பிசியே இன்றைய விடுகதை. அடிவரையறை இல்லாதவற்றுள் அதுவும் ஒன்று என்றும் அவர் கூறுகிறார். அதாவது அது இத்தனை அடியில் அமைய வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. ஓரடியிலும் அமையலாம். எட்டு வயதுப் பிள்ளை எழுதத்தக்க செய்யுள் வகை ஒன்றை இலக்கணமே திறந்து வைத்திருக்கிறது என்று இதனைக் கொள்ளலாம்.

பிசி இருவகைப்படும் என்பதும் தொல்காப்பியர் கருத்து. ஒன்று உவமையோடு பொருந்தி வருவது. மற்றொன்று வெளிப்படத் தோன்றுவதைச் சொல்லி, அதனைக்கொண்டு பொருளைத் துணியச் செய்வது. முதல் வகைக்கு உரையில் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒன்றில் யானை மலையாகிறது. அதன் கோடு பிறையாகிறது. மலையும் பிறையும் பிள்ளை அறிந்தவை. அவ்விரண்டும் சேர்ந்து நடக்கும்போதுதான் திகைப்பு உண்டாகிறது. திகைப்பு தெளியும் இடத்தில் யானை வந்து நிற்கிறது.

மக்கள் வழக்கில் இதற்குப் பெயர்கள் பல. நொடி, வெடி, அழிப்பாங்கதை, புதிர் எனச் சொற்கள் வட்டாரந்தோறும் மாறுகின்றன. ஈழத்தமிழர் நொடி என்பர். புலவர் மரபிலும் இது ஒழியவில்லை. கம்பர் ஆரைக்கீரையைப் புதிராக வைத்து ஔவையைச் சீண்டியதாகவும், ஔவை கடுமொழியோடு விடையிறுத்ததாகவும் வழங்கும் கதையை அறியாத தமிழர் இலர். தண்டியலங்காரம் சொல்லணிகளுள் வினாவுத்தரத்தையும் மாத்திரைச் சுருக்கத்தையும் வைத்துள்ளது. பிற மொழிகளிலும் இவ்வாறே. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்து 164ஆம் பாடல் புதிர்களால் ஆனது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலப் பழஞ்சுவடியான எக்சீட்டர் ஏட்டில் தொண்ணூறுக்கு மேற்பட்ட விடுகதைப் பாடல்கள் உள்ளன. அவற்றுக்கு விடைகள் அச்சுவடியில் எழுதப்படவில்லை; சிலவற்றுக்கு அறிஞர்கள் இன்றும் விடை தேடி வாதிடுகிறார்கள். நல்ல விடுகதைகளிலிருந்து நல்ல உருவகங்களைப் பெறலாம் என்று அரிசுடாட்டில் தம் சொற்பொழிவுக் கலை நூலில் எழுதினார். உருவகத்தினுள்ளேயே ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கண்ட காரணம்.

ஆக, விடுகதை கவிதையின் புறத்தே நிற்கும் விளையாட்டன்று. கவிதையின் அரிச்சுவடி எனத் தகும்.

நான்கு கேள்விகள்

பிள்ளையிடம், ‘ஒரு விடுகதை எழுது’ என்று சொன்னால் அது எழுதாது. பாட்டியிடம் கேட்டதையோ சிறுவர் இதழில் படித்ததையோ திருப்பிச் சொல்லும். அதில் குற்றமில்லை, ஆயினும் அது படைப்பாகாது. பிள்ளைக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தையும் தொல்காப்பியமே தருகிறது.

உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது உவமவியலின் தொடக்கம். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். இந்நான்கையும் பிள்ளைகளுக்கு ஏற்ற நான்கு கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். அது என்ன செய்கிறது? அதனால் யாருக்கு என்ன பயன்? அது எந்த வடிவில் இருக்கிறது? அதன் நிறம் என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவை புரியும். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நிரப்பச் சொன்னால் போதும்.

முறையை விளக்குதற்காக இவ்வுரையில் காட்டப்படும் விடுகதைகள் யாவும் இவ்வுரைக்கென்றே அமைக்கப்பட்டவை. முதலில் கோலத்தை எடுத்துக்கொள்ளலாம். வினை: தினமும் விடியலில் வாசலில் தோன்றுகிறது. பயன்: அரிசி மாவாயின் எறும்பு உண்ணும். மெய்: புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளைகோடுகள். உரு: வெள்ளை. கட்டங்கள் நிரம்பியவுடன் பிள்ளை எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘வெள்ளையாக இருக்கும், வாசலில் இருக்கும். அது என்ன?’

மற்றப் பிள்ளைகள் உடனே கூவுவார்கள். பால் பாக்கெட் என்பான் ஒருவன். பூனை என்பாள் ஒருத்தி. அப்பாவின் செருப்பு என்பார் இன்னொருவர். எல்லாமே சரியான விடைகள்தாம். இங்கேதான் முதல் பாடம் தொடங்குகிறது. விடுகதை இயற்றியவர் தம் மனத்தில் இருப்பதையே பிறரும் காண்பர் என்று எண்ணிவிட்டார். பிறர் காண்பதற்கு வேண்டிய அளவு சொல்லவில்லை. எனவே ஒரு குறிப்பைக் கூட்ட வேண்டும். ‘எறும்பு தின்னும்’ என்று சேர்த்தால் பூனையும் செருப்பும் விலகும். சர்க்கரை உள்ளே வரும். ‘மிதித்தால் அழியும், மறுநாள் மறுபடி பிறக்கும்’ என்றால் சர்க்கரையும் விலகிவிடும். இப்போது வரிகளைச் செப்பம் செய்யலாம்:

‘விடியலில் வாசலில் பிறக்கும், எறும்புக்கு விருந்து வைக்கும், மிதித்தால் மறையும், மறுநாள் மலரும்.’

பிறக்கும், வைக்கும், மலரும் என்ற சொற்கள் வந்தவுடன் கோலத்துக்கு உயிர் வந்துவிட்டது. ‘வெள்ளை’ என்ற குறிப்பு தேவையற்றுப் போனதையும் காண்க. எதைச் சேர்ப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் பிள்ளை தானே கற்றுக்கொள்கிறது. திருத்தி எழுதுதல் என்னும் கடும்பணியை வளர்ந்த எழுத்தாளர் பலரும் வெறுப்பர்; பிள்ளைகளோ இங்கே அதனை விளையாட்டின் பகுதியாகவே ஏற்கிறார்கள். விடை பலவானால் ஆட்டத்தில் தோல்வி என்பது அவர்கட்குத் தெரியும்.

முரண் என்னும் முடிச்சு

ஒப்புமை மட்டும் இருந்தால் அது வருணனையாகவே நின்றுவிடும். அதனை விடுகதை ஆக்குவது முரண். ‘இது போல இருக்கும், ஆனால் இது செய்வதைச் செய்யாது’ என்பதே அதன் சூத்திரம். வகுப்பில் இதற்கு இரண்டு சொற்கள் போதும்: ‘உண்டு’, ‘இல்லை’. ஒப்புமையால் உள்ளதைச் சொல்லி, முரணால் இல்லாததைச் சொல்ல வேண்டும்.

சென்னையின் தென்பகுதியில் வாழும் பிள்ளைகளுக்கு இதற்கான பொருள்கள் கண்முன்னே குவிந்து கிடக்கின்றன. மயிலாப்பூர்ப் பிள்ளைக்குத் தெப்பக்குளம் இருக்கிறது:

‘நாற்புறமும் படி உண்டு, ஏற மாடி இல்லை, தைப்பூசத்தில் மட்டும் படகு உண்டு.’

தியாகராய நகர்ப் பிள்ளைக்கு இரங்கநாதன் தெரு இருக்கிறது:

‘நீரில்லா ஆறு, கரை இரண்டும் கடை, தீபாவளி வந்தால் வெள்ளம்.’

குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைக்குத் தண்ணீர் லாரியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது நகரம் முழுவதும் அந்த லாரியின் ஒலிக்காகக் காத்திருந்தது.

‘சக்கரம் கட்டிய குளம் தெருவுக்கு வரும், காலில்லாக் குடங்கள் எதிர்கொண்டு ஓடும்.’

அடையாற்றுப் பிள்ளைக்குப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் உண்டு. அதன் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதூன்றிய கிளைகள் நிலைத்து நின்றன.

‘தாய் சாய்ந்தாள், பிள்ளைகள் தாங்கினார்கள், வீடு விழவில்லை.’

இந்த விடுகதையைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு மரத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கேட்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே விடுகதை பாடம் என்ற அளவில் தமிழ் வகுப்போடு நிற்பதில்லை. தாவரமும் ஊர் வரலாறும் நீர்வளமும் அதனுள் வந்து புகுகின்றன. ஆசிரியர் வலிந்து புகுத்த வேண்டிய தேவை இல்லை. நல்ல விடுகதை வேண்டுமானால் பொருளை நன்றாகப் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடியே அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எழுத்தை ஆளும் விளையாட்டு

குறில் நெடில் வேறுபாடும் மெய்யெழுத்தின் இடமும் தொடக்க வகுப்பாசிரியர்க்கு நாள்தோறும் தலைவலி. காலைக் கல் என்றும், பட்டத்தைப் படம் என்றும் எழுதும் பிள்ளையைப் பத்து முறை எழுதச் சொல்வது பழைய மருந்து. தண்டியலங்காரம் காட்டும் மாத்திரைச் சுருக்கம் இதற்கு நல்ல மாற்று மருந்து. நெட்டெழுத்தைக் குறுக்கினால் வேறு சொல் ஆவதே அதன் அடிப்படை. சித்திரகவி என்று பெரும்புலவர்கள் ஆண்ட கலையை மூன்றாம் வகுப்புக்கு இப்படி இறக்கிக் கொள்ளலாம்:

‘நீண்டால் குடிக்கலாம், குறுகினால் கடிக்கலாம்.’

விடை பாலும் பல்லும். கால் எழுத்து என்ற சிறு குறி ஒரு பொருளையே மாற்றிவிடுவதைக் கண்ட பிள்ளை, பிறகு அதனை எளிதில் விட்டு எழுதாது.

மெய்யெழுத்துக்கும் இவ்வாறே. ‘நடுவில் நிற்கும் புள்ளி எழுத்தைப் போக்கினால், வானில் பறந்தது சுவரில் தொங்கும்’ என்றால் பட்டமும் படமும். பங்குனிப் பெருவிழாவில் மயிலைத் தேரைக் கண்ட பிள்ளை, ‘வட்டத்தின் நடுப்புள்ளியை நீக்கினால் தேரை இழுக்கலாம்’ என்று வடத்தைக் காட்ட முடியும். வட்டம் என்ற பெயரில் இயங்குவோர் இதனைத் தமக்கும் உரியதாகக் கொண்டு மகிழலாம்.

சொற்களஞ்சியம் பெருகும் வழியும் இதுவே. ‘தலையை எடுத்தால் கை மிஞ்சும்’ என்று ஒரு பிள்ளை நகரத்தை நினைத்துக் கேட்க, மற்றொரு பிள்ளை சிகரம் என்று விடை சொன்னால் இருவரும் வென்றவர்கள். அகராதியை யாரும் சொல்லாமலேயே புரட்டத் தொடங்கும் நாள் அன்றுதான்.

பை, அட்டை, பந்தல்

இத்தகைய கல்விக்குச் சென்னையின் தென்பகுதி புதிய நிலமன்று. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டிருந்த காலத்தில், 1894இல், கர்னல் ஆல்காட் அவர்கட்கென ஓர் இலவசப் பள்ளியை அடையாற்றுப் பகுதியில் தொடங்கினார். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டுக் குடிமகள் என்ற கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். ஆயினும் பயிற்சி நிற்கவில்லை. 1946இல் அவர் ஐரோப்பா திரும்பும் முன்னர் இந்தியாவில் அவர்தம் கல்விமுறை வேரூன்றிவிட்டது.

அம்முறையின் கருவிகளுள் ஒன்று சிறிய துணிப்பை. பொருள் பைக்குள் இருக்கும். பிள்ளை கண்ணால் பாராமல் கையால் தடவி அதனை அறிய வேண்டும். விடுகதை வகுப்புக்கு இதனினும் சிறந்த தொடக்கம் இல்லை. ஒரு பிள்ளை பைக்குள் கைவிட்டு, பொருளின் பெயரைச் சொல்லாமல் அதன் தன்மையை மட்டும் சொல்ல வேண்டும். ‘சொரசொரப்பு, ஒரு பக்கம் கூர், உள்ளே ஏதோ ஆடுகிறது’ என்று சொல்லும்போதே தொல்காப்பியர் சொன்ன இரண்டாம் வகைப் பிசி, அதாவது தோன்றுவதைக் கிளந்து பொருளைத் துணியச் செய்யும் பிசி, பிள்ளையின் வாயில் பிறந்துவிடுகிறது. உவமை பிறகு வரட்டும். பார்ப்பதும் தொடுவதும் முதலில் வர வேண்டும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவம் அதற்கு வழிகாட்டியது. 2007இல் அது தமிழ்நாடு முழுவதும் நான்காம் வகுப்பு வரை பரவியது. பாடநூலுக்கு மாற்றாக அட்டைகளும், வரிசை காட்டும் ஏணிப்படியும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்நிலைக் கரும்பலகையும் வந்தன. வகுப்பின் மேலே கம்பிகளைக் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் வந்தது. இம்முறையின் நிறைகுறைகளைப் பற்றிக் கல்வியாளர்கள் வாதிட்டதுண்டு. ஆயினும் தாழ்நிலைக் கரும்பலகையும் கம்பிப் பந்தலும் விடுகதைக்கென்றே செய்தவை போல அமைந்தன. தாழ்நிலைக் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு. விடுகதையை அங்கே எழுதலாம். மறுநாள் வரை விடை சொல்லாமல் விட்டுவைக்கலாம். பந்தலில் தொங்கும் அட்டையின் முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதினால், காற்றடித்து அட்டை திரும்பும்போது விடை தெரியும். அண்ணாந்து பார்த்து நிற்கும் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கே தெரியாது.

கடல் கடந்த சான்று ஒன்றும் இங்கே பொருந்தும். 1960களின் இறுதியில் அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோச் நியூயார்க் நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குச் சென்று பிள்ளைகளைக் கவிதை எழுதச் செய்தார். அவ்வனுபவத்தை 1970இல் நூலாக வெளியிட்டார். ‘ஒவ்வொரு வரியையும் நான் விரும்புகிறேன் என்று தொடங்கு’ என்பது போன்ற எளிய விதியைத் தந்ததே அவர் செய்தது. விதி எளிதாயின் பிள்ளை அஞ்சாது. விதியே இல்லையாயின் திகைத்து நிற்கும். தமிழில் அந்த எளிய விதி புதிதாகத் தேடப்பட வேண்டியதில்லை. பிசிக்கு வேண்டிய விதிகள் ஏற்கெனவே உள்ளன.

திருத்தும் கை

இம்முயற்சி பெரும்பாலும் எங்கே தவறிப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பிள்ளையிடத்தன்று, சிவப்பு மையிடத்தில்.

பிள்ளை தன் விடுகதையைப் பேச்சுத்தமிழில்தான் முதலில் கருக்கொள்ளும். ‘வூட்டு வாசல்ல’ என்றும் ‘கொடம்’ என்றும் அதன் வாயில் வரும். அவ்விடத்திலேயே எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் வட்டமிடப்பட்டால், அடுத்த வாரம் அப்பிள்ளை பாடநூலில் உள்ள விடுகதையைப் பார்த்து எழுதிக் கொண்டுவரும். பிழையிராது, பிள்ளையும் அதில் இராது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் சொல்ல வேண்டும். பிறகு வகுப்பு விடை தேட வேண்டும். அதன்பின் எழுத வேண்டும். இறுதியில்தான் எழுத்துத் திருத்தம். பந்தலில் தொங்கவிடும் முன் படியெடுக்கும்போது, ‘எல்லாரும் படிக்கப் போகிறார்கள், சரியாக எழுது’ என்ற காரணம் பிள்ளைக்கே விளங்கும். அதுவரை பிழைகள் பொறுத்துக்கொள்ளத் தக்கவை.

மற்றொரு தவறு, பெரியவர் கைவைத்து மெருகிடுவது. பிள்ளையின் விடுகதைக்கு எதுகை மோனை சேர்த்து, இறுதியில் நீதி ஒன்றையும் ஒட்டிவிடும் ஆசை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் எழும். கவிஞர்க்குச் சற்று மிகுதியாகவே எழும். அந்த ஆசையை அடக்க வேண்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்து, குழந்தைகளுக்காக எழுதும் பெரியவர்களை ஒன்று சேர்த்தார். அது பெரும்பணி, அதன் பயனைத் தமிழுலகம் இன்றும் துய்க்கிறது. குழந்தைகளுக்காக எழுதுவது வேறு, குழந்தைகள் எழுதுவது வேறு. பின்னதில் பெரியவர் செய்யத்தக்கது கேட்பதும், விடை தெரியாமல் நேர்மையாகத் திகைப்பதும் மட்டுமே. விடை தெரிந்தும் தெரியாதது போல் நடிப்பதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுகொள்வார்கள்.

இழப்பும் ஈடும்

இவ்வளவு சிறிய விளையாட்டுக்கு ஒரு விழா மேடையில் இத்தனை நேரம் எதற்கு என்ற கேள்வி எழக்கூடும். காரணம் உண்டு.

விடுகதை முன்பெல்லாம் பள்ளியில் கற்பிக்கப்படவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. இரவு உணவுக்குப் பின் திண்ணையிலும் முற்றத்திலும் நிலவொளியில் அது பிறந்தது. சொல்லும் பாட்டியும், கேட்கும் பேரப்பிள்ளைகளும், மின்சாரம் இல்லாத நீண்ட இரவும் இருந்தன. அடுக்குமாடியில் திண்ணை இல்லை. பாட்டி பல வீடுகளில் வேறு ஊரில் இருக்கிறார். நீண்ட இரவைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. எஞ்சியதைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் தமிழை இரண்டாம் மொழியாக, சிலர் அதுவும் இன்றி, படிக்கிறார்கள். விடுகதையை இழந்த பிள்ளை ஒரு பொழுதுபோக்கை மட்டும் இழக்கவில்லை. ஒரு பொருளை மற்றொன்றாகக் காணும் பழக்கத்தைத் தாய்மொழியில் பெறும் முதல் வாய்ப்பையே இழந்துவிடுகிறது.

2020 மார்ச்சில் கொள்ளை நோயால் மூடப்பட்ட தொடக்கப்பள்ளிகள், தமிழ்நாட்டில் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. முதல் வகுப்பையே காணாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டு. அவர்கட்கென இல்லம் தேடிக் கல்வியும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எழுத்தை அறிதல் முதற்கடமை, ஐயமில்லை. ஆனால் எழுத்தறிந்த பிள்ளைக்கு, அந்த எழுத்தால் தான் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வாராவிடில், அவ்வெழுத்து தேர்வுத் தாளோடு நின்றுவிடும். பின்னடைந்த பிள்ளைக்கு இது மேலும் இன்றியமையாதது. பிழையின்றி ஒரு பக்கம் எழுத இயலாத பிள்ளையும் ஒரு வரி விடுகதை எழுத இயலும். அந்த ஒரு வரியால் வகுப்பையே திகைக்க வைக்கவும் இயலும்.

நகரின் பள்ளிகளில் பிறமொழி பேசும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். தெலுங்கும் உருதும் வீட்டுமொழியாக உடையோர் நெடுங்காலமாக உளர். கட்டடத் தொழிலாளரின் பிள்ளைகளாக வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் உளர். அவர்தம் வீட்டுக்கும் விடுகதை புதிதன்று. எல்லா மொழியிலும் பாட்டிகள் புதிர் போட்டவர்களே. அம்மா சொன்ன புதிர் ஒன்றைத் தமிழில் சொல்லிப்பார் என்று கேட்டால், வகுப்பில் வாய் திறவாத பிள்ளை வாய் திறக்க வழி பிறக்கும். அன்று அதற்குத் தமிழ் பிறர் மொழியாக இராது.

கவிஞர்கட்கு ஒரு சொல்

மயிலாப்பூரில் கலைமகளின் ஆசிரியராக விளங்கிய கி.வா. ஜகந்நாதன், சாமிநாதையரிடம் சங்க நூல் பயின்றவர். அவரே நாட்டுப்பாடல்களையும் பழமொழிகளையும் தேடித் தொகுத்தார். மேடையில் சிலேடை மழை பொழிந்தார். ஏட்டுத் தமிழுக்கும் வாய்மொழித் தமிழுக்கும் இடையே அவர் வேலி போடவில்லை. இதே தெருக்களில் கூடும் கவிஞர்கட்கு அந்த வழி அறிமுகமானதே.

புதுக்கவிதை புரியவில்லை என்ற குறை நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. எளிமையாக எழுதினால் அது கவிதையன்று என்ற எதிர்க்குறையும் உண்டு. இவ்விரண்டுக்கும் விடுகதை ஒரு விடை வைத்திருக்கிறது. அது மறைக்கிறது; ஆனால் கண்டுபிடிக்கப்படுவதற்காகவே மறைக்கிறது. விடை தெரிந்ததும் கேட்டவர், ‘ஆமாம், அப்படித்தானே!’ என்று வியக்க வேண்டும். ‘அதெப்படி?’ என்று முறையிட்டால் விடுகதை தோற்றது. இயற்றியவர் கேட்பவர்க்கு நேர்மையாக இருந்தாரா என்பதற்கு இதுவே அளவுகோல். அந்த அளவுகோலை எட்டு வயதுப் பிள்ளைகள் ஈவிரக்கமின்றிப் பயன்படுத்துவார்கள். அவர்கள் முன் தம் உருவகம் ஒன்றை வைத்துப் பார்க்கும் துணிவு எந்தக் கவிஞர்க்கும் பயன் தரும்.

பத்தாண்டு நிறைவு காணும் வட்டம் ஒன்று மலர் வெளியிடுவது மரபு. அதனோடு இன்னொன்றும் செய்ய இயலும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டருகே உள்ள தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெற்று, வாரத்தில் ஒரு பாடவேளை கேட்டுப் பெறலாம். கொண்டுசெல்ல வேண்டியவை ஒரு துணிப்பை, அதனுள் ஏழெட்டுப் பொருள்கள், வெட்டிய அட்டைகள், கொஞ்சம் நூல். சொற்பொழிவு வேண்டா, கவிதை படித்துக் காட்டவும் வேண்டா. நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தால் போதும். ஆண்டு முடிவில் அட்டைகளைத் தொகுத்தால், அடுத்த மலரின் சில பக்கங்கள் பிள்ளைகளின் பிசியால் நிரம்பும். அவற்றுள் விடை அச்சிடாத விடுகதை ஒன்றிரண்டு இருக்கட்டும். விடை வேண்டுவோர் அந்தப் பள்ளிக்குச் சென்று, அந்தப் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.